சந்தனம் தின்ற ஜி கட்டை

என் தலையில் குட்டிக் குட்டியே என்னை வளர்த்த செல்வி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி இல்லை. இப்போது இருக்கிறது. அந்த ஆளை மாட்டிவிட்டேன்.

எந்த ஆள் என்று நீ கேட்க மாட்டாய். மதுரையில் வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடக்கும் பியானோ விழாவின் நடுவர்தான். புதிதாக எழுதிய இசையை மட்டும் வாசிக்கும் விழா என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடம் படிக்கும்போதே நீ எழுதிய பாட்டைத் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாய். "நடு ஜி ஸ்வரமே வராத பாட்டா? இது நொண்டிப் பாட்டும்மா" என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னார். தாள்களைத் திருப்பிக் கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றார். அன்று நீ சாப்பிடாமல் படுத்தது எனக்கு மறக்குமா?

அந்த நொண்டிக்குக் காரணம் நான் அல்லவா. ஆயுத பூஜைக்கு உன் கீபோர்டுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து, விரல் வைத்து அமுக்கும் ஒவ்வொரு கட்டையிலும் அப்பினேன். மற்றதெல்லாம் பிழைத்தது. நடு ஜி மட்டும் செத்துப்போனது. நீ என்னை நாலு குட்டு குட்டிவிட்டு, அந்தக் கட்டையைத் தொடாமலே ஒரு பாட்டு எழுதினாய்.

இந்த வருடம் என் மகள் கயல் விழாவில் சேர்ந்தாள். பத்து வயது, ஆனையூரில் ஒரு டீச்சரிடம் படிக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டிய பாட்டு என்று தாள் கொடுத்திருந்தார்கள். இயற்றியவர் என்ற இடத்தில் அந்த நடுவரின் பெயர். "அப்பா, எம்புட்டுத் தேடுனாலும் இதுல நடு ஜி வரவே இல்லப்பா" என்றாள். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அடுத்த வரியை அவள் வாசிப்பதற்குள் நான் முணுமுணுத்துவிட்டேன். அது உன் பாட்டு.

பரணிலிருந்து உன் கீபோர்டை இறக்கினேன். உன் ரஃப் நோட்டும் அகப்பட்டது. "பிள்ள வாசிக்கிற எடத்துல போயி சண்ட போடாதீங்க" என்று என் வீட்டுக்காரி கெஞ்சினாள். விழா அன்று இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கயல் வாசித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"நடு ஜி-ய நான் வேணும்னேதான் ஒதுக்குனேன். என் வாழ்க்கையில இருக்குற ஒரு மௌனம் அது."

பெற்றோரெல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. தட்டி முடித்துவிட்டுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறி, பிளக்கைச் செருகினேன்.

"சார், ஒங்க மௌனம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அமுக்கிப் பாருங்க."

அவர் தொடவில்லை. கயல் ஓடிவந்து ஒவ்வொன்றாக அமுக்கினாள். எல்லாக் கட்டையும் பேசியது, சந்தனக் கறை படிந்த ஒன்றைத் தவிர. விழாக் குழுவிலிருந்து ஓர் அம்மா உன் நோட்டை வாங்கி மைக்கில் படித்தார். பாட்டுக்கு மேலே நீ எழுதியிருந்தாயே: "நடு ஜி வேலை செய்யாது. உபயம்: தம்பி முருகேசன்."

அரங்கமே சிரித்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"யாருய்யா நீ?"

"முருகேசன். அந்த உபயதாரர்."

மிச்சப் பிள்ளைகள் வாசிக்கும் முன் ஒவ்வொரு முறையும் இயற்றியவர் என்று உன் பெயரை அறிவித்தார்கள், அக்கா. நடுவர் நாற்காலி காலியாக இருந்தது. வாசல் படியில் என்னைப் பிடித்து, "பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டீங்களே தம்பி" என்றார். "எங்கக்கா பாட்ட நொண்டின்னு யார் முன்னாடி சார் சொன்னீங்க?" என்றேன். அவர் விறுவிறுவென்று படி இறங்கினார். எனக்கு இனித்தது. நீ இருந்திருந்தால் போதும் விடுடா என்றிருப்பாய். நீ இல்லை, அதனால் நான் விடவில்லை.

ஆனால் அந்தக் கைத்தட்டல் உனக்கு வர வேண்டியதுதானே? அதை நான் எங்கே கொண்டுவந்து கொடுப்பேன்?

அந்தக் கட்டையைப் பத்து நிமிஷத்தில் சரிசெய்து தருவதாகக் கீபோர்டு பழுதுபார்க்கும் கடைக்காரர் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். வருடாவருடம் அதே கறையோடு அதைக் கொண்டுபோய் அந்த அரங்கின் முதல் வரிசையில் வைப்பேன். அவர் திரும்பி வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இது சத்தியம்.

உன் ஜி கட்டையைக் கொன்ற,
அதைக் கடைசிவரை பிழைக்க விடாத தம்பி,
முருகேசன்