பெஞ்சில் யார் உட்காருவது

7-7-96, ஞாயிறு

மாலை 4.10. நாற்காலி எட்டு. வந்தவர்கள் ஐந்து பேர், என்னோடு ஆறு.

வெயில் இன்னும் இறங்கவில்லை. கடல் காற்று மயிலாப்பூர் வரைக்கும் வரும் என்பதெல்லாம் சும்மா. மாடி ஹாலில் ஒரே ஃபேன், அதுவும் கிறீச் கிறீச்.

படிப்புக் குழு, இரண்டாவது கூட்டம். ஒன்றுவிட்ட ஞாயிறு. இந்தப் பக்கத்து டேபிள் டென்னிஸ் கோச்சுகள் ஒன்றாக உட்கார்ந்து வேலையைப் படிப்பது என்று ஏற்பாடு. யோசனை என்னுடையது. இடமும் என் வீடு, ஏனென்றால் வி.சி.ஆர். என்னிடம்தான் இருக்கிறது. செத்துப் போனதை வாங்கி நானே உயிர் கொடுத்தது. படத்தை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம்.

விதி மூன்று. காலண்டர் பின்புறம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
ஜெயித்த கதை கூடாது, தோற்ற கதையைக் கொண்டு வர வேண்டும்.
முதல் அரை மணி கேள்வி மட்டும். யோசனை சொல்லக் கூடாது.
இங்கே பேசியது இங்கேயே.

இன்று ரங்கன் முறை. அடையாறில் கிளப் கோச். மர வழவழப்புத் தரை, நான்கு டேபிள், வெள்ளை மாருதி, இடுப்பில் பேஜர். அவன் கொண்டு வந்த தோல்வி: அவனிடம் படிக்கிற பையன் ஒருவன் அளவுக்கு மீறி பிராக்டிஸ் செய்கிறானாம், நிறுத்தவே முடியவில்லையாம்.

மணி கேட்டான்: "இது தோல்வியா நைனா? எனக்கு ஒண்ணு குடு இந்த மாதிரி." மணி நந்தனம் மைதானத்தில் கார்ப்பரேஷன் பள்ளிப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். சிமென்ட் தரை.

இரண்டாவது விதியை ஒருவராலும் காப்பாற்ற முடியவில்லை. கோச்சுக்கு வாய் சும்மா இருக்காது. "காலைல ஓடச் சொல்லலாம்னு உனக்குத் தோணலையா?" "மட்டையை மாத்திப் பார்க்கறதுல என்ன கஷ்டம்?" எல்லாம் யோசனைதான், வாலில் ஒரு கேள்வி. ஒழுங்காகக் கேட்டது ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான். தி.நகர் பெண்கள் பள்ளி. அந்தப் பையன் தூங்குவது எத்தனை மணிக்கு என்று கேட்டார். ரங்கனுக்குத் தெரியவில்லை.

இடையில் இரண்டு முறை பேஜர் அடித்தது. இரண்டு முறையும் எழுந்து கீழே எங்கள் போனுக்கு ஓடினான்.

அம்மா: "ஏண்டா முரளி, ஆத்துக்கு வரவா எல்லாருக்கும் காபி கலந்துண்டே இருக்க நான் என்ன ஹோட்டலா வெச்சிருக்கேன்?" அடுத்த முறை டீ.

13-7-96, சனி

மூட்டம். மழை இல்லை.

கிளப் மேட்ச். நஸ்ரீன் மறுபடி தோற்றாள். மூன்றாவது கேம், 19-21. போன மாதம் 20-22. அதற்கு முன்னால் 18-21. பதினாறு பதினேழு வரைக்கும் அவள் சர்வீஸை எதிரி தொட முடியாது. அதற்கப்புறம் கை கல்லாகிவிடும். பந்து வலையில், இல்லாவிட்டால் டேபிளுக்கு வெளியே.

நான்கு வருஷமாக என்னிடம் படிக்கிறாள். ஒன்பது வயதில், டேபிளுக்கு மேலே தலை மட்டும் தெரிய, வந்தாள். இப்போது பதின்மூன்று. இவளைப் போல ஒரு மணிக்கட்டு எனக்கு இனிமேல் கிடைக்காது. யு.பி.எஸ். ரிப்பேர் செய்து சம்பாதிக்கிறேன்; கோச் என்று நான் சொல்லிக்கொள்வது இவளால்தான்.

இந்த முறை வீடியோ எடுத்தாயிற்று. லஸ்ஸில் கல்யாண வீடியோ எடுப்பவனை வாடகைக்குப் பிடித்தேன். டேபிளை மட்டும் எடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினான்.

14-7-96, ஞாயிறு

டேப் போட்டுப் பார்த்தேன். நாசம்.

முகம் முகமாக எடுத்து வைத்திருக்கிறான். நஸ்ரீன் முகம், எதிரி முகம், நஸ்ரீனின் அப்பா, ஸ்கோர் எழுதுகிற பையன், பெஞ்சில் நான். முக்கியமான பாயிண்ட் வந்தால் சொந்தக்காரர்களைக் காட்ட வேண்டும் என்று கை பழகிவிட்டது போல. தாலி கட்டும்போது பெண்ணின் அத்தையைக் காட்டுகிற மாதிரி.

போன் செய்து திட்டினேன். "ஃபீலிங்கா இருக்கணும்ல சார்" என்றான்.

21-7-96, ஞாயிறு

என் முறை. வேறு டேப் இல்லாததால் அதையே போட்டேன்.

மணி: "இன்னா முரளி, கல்யாணம் யாருக்கு? சாப்பாடு எங்க கீது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கேள்விகள். மட்டை என்ன, ரப்பர் என்ன, கால் எங்கே. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பந்தைத் தூக்கும் உயரம், மட்டையின் சாய்வு எல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.

அப்போது ஸ்டெல்லா டீச்சர்: "முரளி, பந்தைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு யாரைப் பார்க்கறா?"

ரீவைண்ட். ஃபிரேம் ஃபிரேமாக. 18-17: தலை இடது பக்கம் திரும்புகிறது. 18-18: இடது. 19-19: இடது. ஒவ்வொரு முறையும் கேமராக்காரன் அவள் பார்வையைப் பின்தொடர்ந்து போய் நிற்பது என் முகத்தில்.

என் முகம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, தலை மெதுவாக இல்லை இல்லை என்று ஆடுகிறது. சர்வீஸ் போடுவதற்கு முன்னாலேயே. பந்து அவள் கையில் இருக்கும்போதே நான் அவளைத் தோற்கடித்து முடித்துவிட்டேன்.

டேப்பை நிறுத்தினேன். 

நான் சொன்னேன்: "தப்பு அவ சர்வீஸ்ல இல்ல. என் மூஞ்சில."

 ரங்கன் கேட்டான், நல்ல கை, எந்த ஏரியாப் பெண் என்று. திருவல்லிக்கேணி, அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். 

ஆனால் இன்று ராத்திரி சாப்பாடு இறங்கியது. வியாதி தெரிந்துவிட்டது. வைத்தியம் சுலபம்.

24-7-96, புதன்

காலையில் தூறல். கிளப் ஹாலுக்குள் ஒழுகுகிறது, இரண்டாவது டேபிள் மேல் பக்கெட்.

திங்களிலிருந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறேன். அவள் ஆடுவது முதுகுக்குப் பின்னால். சத்தத்தை வைத்தே தெரிகிறது, எது சுழல், எது ஸ்மாஷ்.

முதல் நாள் தடுமாறினாள். நேற்றும். இன்று முடித்துவிட்டு மட்டையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"சார், என் மேல கோவமா?"

"பந்தைப் பாரு" என்றேன்.

போய்விட்டாள். சரியாகிவிடும். பத்து நாளில் பழகிவிடும். 3-ஆம் தேதி மாவட்டப் போட்டி.

ஆபீஸ்: எழும்பூரில் மூன்று யு.பி.எஸ்., எல்லாம் பேட்டரிக் கோளாறு. தண்ணீர் ஊற்றாமல் காய விட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்கிறார்கள்.

27-7-96, சனி

நஸ்ரீன் வரவில்லை. அவள் அப்பா வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான்கு வருஷம் நான் பட்ட பாட்டை மறக்க மாட்டாராம். ரங்கன் சார் கடைக்கே வந்து பேசினாராம். அடையாறில் நல்ல தரை, நல்ல லைட், போக வர வேனாம்.

எதற்குத் திடீரென்று என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். கொழந்தை தோக்கறது உங்களாலதான்னு நீங்களே சொன்னீங்களாமே."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. சொன்னேன்தானே.

"இப்ப நாலஞ்சு நாளா மொகத்தைக்கூடப் பார்க்கறதில்லையாம். திரும்பி ஒக்காந்துக்கறீங்களாம். வீட்ல வந்து அழுவுது சார். நான் இன்னா பண்ணட்டும்?"

விளக்கியிருக்கலாம். டேப்பைப் போட்டுக் காட்டியிருக்கலாம். அவருடைய முகமும் அதில் இருக்கிறது. அதற்குப் பதில், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வலையை அவிழ்க்கப் போனேன். அவர் பெட்டியை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவளிடம் ஒரு வரி. உன் மேல் கோபமில்லை, என் மூஞ்சி சரியில்லை, அதனால் திரும்பிக்கொண்டேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாவது விதி. இங்கே பேசியது இங்கேயே. நானே எழுதி நானே ஒட்டியது. பசை வீண்.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாதாம் அல்வா. யாருக்குடா கல்யாணம்?"

3-8-96, சனி

புழுக்கம். நந்தனத்தில் உள்ளரங்கம். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே 23C பஸ் ஏறினேன். மேலே கேலரியில், தூணுக்குப் பின்னால்.

ரங்கன் பெஞ்சில். புது டிராக் சூட். நஸ்ரீனுக்கும் அதே நிறம். ஃபைனல். முதல் கேம் அவளுக்கு, இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் ஸ்கோர் ஏற ஏற என் கை தூணைப் பிடித்துக்கொண்டது. 17-17. 18-18.

பேஜர் அடித்தது. இங்கே வரைக்கும் கேட்டது. ரங்கன் இடுப்பைப் பார்த்தான், எழுந்தான், வெளியே போனான். மேட்ச் நடுவில். மூன்றாவது கேமில். நான் கோச்சாக இருந்த எந்த நாளிலும் சிறுநீர் கழிக்கக்கூட எழுந்ததில்லை.

19-19. சர்வீஸ் அவளுடையது.

பந்தைத் தட்டினாள். தலை இடது பக்கம் திரும்பியது. காலி நாற்காலி, முதுகில் ஒரு டவல். அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பந்தைப் பார்த்தாள்.

குட்டை சர்வீஸ், முன் பக்கத்துக்கு, உள்ளே வாங்குகிற சுழல். நான் சொல்லிக் கொடுத்தது. எதிரி வலையில் அடித்தாள். 20. அடுத்தது அதே கை, அதே தூக்கல், நீள சர்வீஸ். எதிரி தொடவே இல்லை. 21-19.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது அழுதாள். அவன் பி.சி.ஓ. போன் பூத் தேடிப் போனதும் ஜெயித்தாள். நான் பார்க்காமல் இருந்தால் அது அவளுக்குத் தண்டனை. ரங்கனிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அவன் இல்லாதது அவளுக்கு ஒன்றுமே இல்லை.

ரங்கன் கைதட்டல் கேட்டு ஓடி வந்து அவள் கையைத் தூக்கிப் பிடித்து நின்றான். போட்டோ எடுத்தார்கள்.

அவள் கேலரிப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தானே பாடுபட்டேன். சந்தோஷப்பட வேண்டும்.

பஸ் கிடைக்காமல் நடந்தே வந்தேன்.

4-8-96, ஞாயிறு

மழை, நன்றாக. நாற்காலி எட்டு. ஆறு பேரும் வந்தார்கள். ரங்கனும். கூச்சமே இல்லாமல், கையில் கோப்பையின் போட்டோவோடு.

மணி முறை. ஆனால் ரங்கன் ஆரம்பித்துவிட்டான். ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணின் சர்வீஸை எப்படி மாற்றினான் என்று. முதல் விதியும் போயிற்று.

எழுந்து போய் காலண்டர் தாளைக் காட்டி மூன்றாவது விதியைப் படித்தேன். சத்தமாக. ரங்கன் சிரித்தான்.

"பொண்ணு ஜெயிச்சிட்டா இல்ல முரளி? ஒரு கோச்சுக்கு வேற என்னப்பா வேணும்?"

 அதுதான் எரிச்சல். அயோக்கியன் சொன்னாலும் அது சரிதான்.

ஸ்டெல்லா டீச்சர் மட்டும், நிதானமாக, 19-19-இல் அவள் எந்தப் பக்கம் பார்த்தாள் என்று அவனைக் கேட்டார். கேள்வி, யோசனை இல்லை. ரங்கன் விழித்தான். அப்போது அவன் இருந்தால்தானே. மணி என்னைப் பார்த்து, "நீ சொல்லு மச்சி, தூண் பின்னால நின்னுக்கினு இருந்தியே" என்றான். மணியும் வந்திருக்கிறான். பார்த்திருக்கிறான்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

ரங்கனுக்குக் காது சிவந்துவிட்டது. பேஜர் வந்ததாம், அவசர விஷயமாம், ஒரு தடவை ஆகிப் போயிற்றாம். "18-ஆம் தேதி அதே ஹால்ல ஸ்டேட் செலக்‌ஷன். பாருங்க, அன்னிக்கு பெஞ்சை விட்டு ஒரு இஞ்ச் நகர மாட்டேன். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் கைட் பண்றேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். உட்காராதே என்று. ஆனால் நான் சொன்னால் பொறாமை என்பான், வீம்புக்கு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போடுவான். அவனுக்கும் ஒரு மூஞ்சி இருக்கிறது. 19-19-இல் அது எப்படிக் கோணும் என்று அவனுக்கே தெரியாது. அவனை யாரும் வீடியோ எடுத்ததில்லை.

எல்லோரும் போன பிறகு மணி நாற்காலிகளை மடக்கிக் கொடுத்தான். "வுடு மச்சி" என்றான். விட முடியவில்லை.

5-8-96, திங்கள்

காலை. மழை விட்டுவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆபீஸுக்கு லேட் என்று போன் செய்தாயிற்று. செய்ய வேண்டியவை:

1. காலண்டர் தாளைக் கிழிக்கக் கூடாது. கூட்டம் தொடரும், இங்கேயே. 18-ஆம் தேதிக் கூட்டம் மட்டும் 25-க்கு.

2. கிளப்பில் மீதிப் பையன்களுக்கு நாற்காலியே போடக் கூடாது. ஏன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாயால்.

3. கல்யாண வீடியோக்காரனிடம் மன்னிப்பு. அவன் சரியாகத்தான் எடுத்திருக்கிறான்.

4. நந்தனம் அரங்கத்துக்கு எதிரில் பி.சி.ஓ. இருக்கிறதா, அங்கிருந்து ஸ்கோர் போர்டு தெரியுமா, போய்ப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மணியை வாசலில் நிறுத்த வேண்டும்.

5. ரங்கனின் பேஜர் நம்பர். ஸ்டெல்லா டீச்சரிடம் இருக்கும். எதற்கு என்று கேட்க மாட்டார்.

6. 18-ஆம் தேதி, மூன்றாவது கேம், பதினாறைத் தாண்டியதும் செய்தி: "மிக அவசரம். உடனே கூப்பிடவும்." கூப்பிட வேண்டிய நம்பர் எங்கள் வீட்டு நம்பர் இல்லை. எப்போதும் எங்கேஜ்டாக இருக்கிற ஒரு நம்பர்.

7. ஒரு ரூபாய் நாணயம், பத்து.