நடக்கும்போது என்னோடு பேசாதே

என் கண்ணு சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் முறைத்துக்கொண்டிருக்கிறது. தினமும் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நடந்துகொண்டே கூப்பிட்டாய், நானும் மாடி வீட்டுத் தையல்காரர் கதையை ஆரம்பித்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கிளம்பிய மனுஷன் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டார், வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி என் சட்டை என்னாச்சு என்று கேட்கிறார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பிரேக் கிறீச்சிட்டது, யாரோ கத்தினார்கள், பிறகு உன் சத்தமே இல்லை. நான் அடுப்பை அணைத்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதும்தான் நினைவிருக்கிறது. அப்புறம் மூச்சு வாங்க, ஒண்ணுமில்லம்மா, சிக்னல் விளக்கைப் பார்க்காம ரோட்டுல கால வச்சுட்டேன், நீ மிச்சத்தைச் சொல்லு என்றாய். முதலில் வீடு போய்ச் சேர் என்று போனை வைத்துவிட்டேன்.

முப்பத்து நான்கு வருஷம் பள்ளி வாசலில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, உதட்டில் விரல் வைத்துச் சாலை கடக்க வைத்தவள் நான். காது கதையில் இருந்தால் கண் பார்ப்பது மனசுக்கு எட்டாது என்று அத்தனை பேருக்கும் சொன்னேன். கடைசியில் நானே உன் காதுக்குள் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறேன். நீ வாயை மூடினா அவ கண்ணைத் திறப்பா என்கிறார் அப்பா. கோபம் வந்தது, ஆனால் மனுஷர் சொன்னது சரி.

அதனால் இனி நடக்கும்போது கூப்பிடாதே, கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். அந்த அரை மணி நேரம்தான் என் நாளிலேயே நல்ல நேரம், தெரிந்துதான் சொல்கிறேன். நடப்பதை மட்டும் விட்டுவிடாதே. காதில் எதையும் மாட்டாதே, பளிச்சென்று தெரிகிற சட்டை போட்டுக்கொள், விளக்கு மாறினாலும் வண்டி நின்றதைப் பார்த்த பிறகே இறங்கு. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நட.

நூறு வயசு நன்றாக இரு. தையல்காரர் கதையின் முடிவை இதில் எழுதப் போவதில்லை. வீட்டுக்குப் போய், ஷூவைக் கழற்றி, உட்கார்ந்த பிறகு கூப்பிடு. ஐந்து நிமிஷம் பேசினாலும் போதும். கேட்க நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா