அட்டையைக் காட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, மெதுவாகப் படி.

திங்கட்கிழமை மண் அள்ளும் இயந்திரத்தில், பயங்கர அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஒரு ஹோஸ் கசிந்தது. ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் தடவிப் பார்த்தேன். “எதையும் தொட்டுப் பாத்தாத்தான் உங்களுக்கு நம்பிக்கை” என்பாயே, அதே புத்தி. ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

“எறும்பு கடிச்ச மாதிரிதாண்ணே இருக்கு” என்று பட்டறை மேஸ்திரியிடம் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஊசி போட்ட மாதிரி எண்ணெய் உள்ள பாய்ஞ்சிருக்குய்யா, வண்டியில ஏறு” என்றார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது.

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பட்டறைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது: ‘கசிவைத் தேடக் கையை வைக்காதே, அட்டையைக் காட்டு.’ அட்டையைப் பக்கத்தில் பிடித்தால் எண்ணெய் அதில் பீய்ச்சும், ஓட்டை தெரிந்துவிடும். அதை எழுதியவனே நான்தான். கையெழுத்து அழகு என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.

டாக்டர் என்ன செய்தார் என்பதை நேரில் சொல்கிறேன். இடது கையால் இவ்வளவு எழுதவே இரண்டு நாளாகிவிட்டது.

வீடு மாற்றும்போது என் பழைய கடிதங்களைப் பேப்பர் கடையில் போடப்போவதாகச் சொன்னாயே, போட்டுவிடாதே. பாப்பாவுக்கு அப்பாவின் கையெழுத்தைக் காட்ட இனி அவைதான் இருக்கின்றன.

உன்னுடையவன்