கரட் வயலுக்கு நான் நெருப்பு வைத்த நாள்

கரட் வரிசைகளைக் கனவிலும் எண்ணிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு,

இந்த வருசம் வயலுக்கு நெருப்பு வைக்கும் நாளை நான்தான் சொன்னேன். ஹம்பேர்க்குக்கு வெளியே, நீங்கள் பதினாறு கோடை களை பிடுங்கிய அதே பண்ணையில், இப்போது உங்கள் மகள் பொறுப்பாளி. கேட்கிறீர்களா அம்மா?

இயற்கைப் பண்ணை, களைக்கு மருந்தடிக்க ஏலாது. கரட்டோ பெரிய சோம்பேறி. அது முளைக்க இரண்டு மூன்று கிழமை, பதினைந்து இருபது நாள் எடுக்கும், அதற்குள் களை முந்திவிடும். அதனால்தான் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பலகையில் நீங்களெல்லாம் குப்புறப் படுத்து, மண்ணைப் பார்த்தபடி, ஊர்ந்து ஊர்ந்து பிடுங்கினீர்கள். வருசத்துக்கு ஐந்து கிழமை. வீட்டுக்கு வந்தால் நிமிர்ந்து நிற்க ஏலாது, ஆனால் நோகுது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் வருசம் நீங்கள் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேனே. கரட்டுக்கு நடுவே முளைத்த கீரையைப் பிடுங்க உங்களுக்கு மனம் வரவில்லை. "இது கீரையெல்லோ, ஆராவது பிடுங்கி எறிவினமே?" என்று விட்டுவிட்டீர்கள். ஒரு மாதத்தில் கீரை முழங்கால் உயரம், அடியில் கரட் நூல் மாதிரி. முதலாளி தலையில் கை வைத்தார், நாங்கள் கீரைக்கறியாய்ச் சாப்பிட்டுத் தீர்த்தோம். அதற்குப் பிறகு உங்கள் வரிசையில் ஒரு புல்லைக் காட்ட ஆளில்லை.

நான் விவசாயத்தில் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, முடித்து அங்கேயே வேலைக்குப் போனேன். படித்தது இதுதான்: களை முளைத்து, கரட் இன்னும் மண்ணுக்குள் இருக்கும்போது எரிவாயு நெருப்பால் ஒருதரம் வாட்டினால் களை மட்டும் சாகும். ஒரு நாள் பிந்தினாலும் கரட்டும் கருகிவிடும். பாத்தியில் ஒரு கண்ணாடித் துண்டு வைப்போம். சூட்டுக்கு அதன் கீழே உள்ள கரட் கொஞ்சம் முந்தி முளைக்கும், அதுதான் எரிக்கும் நாளுக்கு அடையாளம்.

வியாழக்கிழமை காலை கண்ணாடியின் கீழே ஒற்றை முளை. முதலாளி, "காற்று அடிக்குது, திங்கட்கிழமை பார்ப்பம்" என்றார்.

"திங்கள் பிந்திப் போடும். இண்டைக்கே செய்யவேணும்," என்றேன். என் கணக்குப் பிழைத்தால் முழு வயலும் போய்விடும் அல்லவா?

முதலாளி உழவு இயந்திரத்தின் சாவியைத் தந்தார். பின்னேரம் காற்று அடங்கியதும் எரித்தேன். சனிக்கிழமை கரட் கோடு கிழித்தது போல வெளியே வந்தது!

இந்த முறை ஆட்கள் பலகையில் படுத்தது எட்டே நாள். உங்களோடு பக்கத்தில் படுத்த ராசாத்தி அக்கா கடைசி நாள் இறங்கி, "பிள்ளை, இந்த வருசம் என்ர முதுகும் என்னோட வீட்டை வருது," என்றா. நான் சிரித்தேன், பிறகு கொட்டகைக்குள் போய் அழுதேன். பெருமையில்தான். கோபத்திலும். நெருப்புக் கருவி உங்கள் காலத்திலும் மூலையில் கிடந்ததே, அம்மா. நாள் பார்த்து எரிக்க ஏன் ஒருவரும் மெனக்கெடவில்லை? குப்புறப் படுத்துப் பிடுங்க நீங்கள் இருந்தீர்கள் என்பதாலா?

நான் பொறுப்பில் இருக்கும்வரை, இந்த வயலில் எந்தப் பிள்ளையின் அம்மாவையும் ஐந்து கிழமை குப்புறப் படுக்க விடமாட்டேன்.

உங்கள் வயிற்றில் பிறந்த பெருமையோடு,
மூத்த மகள் தர்சினி