முதல் வாயு

மாப்ளே,

இன்று காலை சாண வாயுக் குழாயைத் திறந்துவிட்டார்கள். அழுகிய முட்டை நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு நீ வந்து நின்ற மாதிரி இருந்தது. சிலிண்டர் வந்த பிறகு சும்மா கிடந்த தொட்டியை மகள் செப்பனிட்டிருக்கிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல இதையும் அவள்தான் எழுதுகிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரியனைப் பாம்பு பிடித்து, வேப்பமரத்தடி வெளிச்சமெல்லாம் பிறை பிறையாய் விழுந்ததே, அந்த வருடம்தான் தொட்டி கட்டினோம். தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, புது அடுப்பில் பால் பொங்க வைக்க உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். நல்ல நேரம் பார்த்த எங்களுக்கு, தொட்டிக்குள் சாணம் பக்குவப்படுகிற நேரம் தெரியவில்லை.

உன் அக்கா தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். குழாயிலிருந்து புஸ்ஸென்று வந்த காற்று குச்சியை அணைத்தது. “மாட்டுச் சாணியில பால் பொங்குமாடா?” என்று என் பெரியப்பா சிரித்தார். அவள் கண் கலங்கி நின்ற நேரத்தில், இண்டூர் ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, தோளில் பெரிய பையோடு நீ வந்தாய்.

“அழாத அக்கா. மொதல்ல வர்ற வாயு எரியாது. வெளிய வுட்டுட்டுக் காத்திருக்கணும்.”

பொங்கலுக்கே வராதவன் இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“ஆராய்ச்சிய வுட்டுட்டு வந்துட்டேன் மாமா.”

நட்சத்திரமாகப் பிறந்தும் பற்றாமலே போனவை வானத்தில் உண்டென்றும், அவற்றில் என்ன வாயு இருக்குமென்றும் வருடக்கணக்கில் தேடினாய். வெளிநாட்டில் யாரோ முந்திக்கொண்டு, அப்படி ஒன்றைக் கண்டு, வாயுவையும் சொல்லிவிட்டார்களாம்.

“என்ன வாயுடா?”

“இதேதாங்க மாமா. மீத்தேன். இந்தக் குழாயில வர வேண்டியது.”

பின்னால் நின்ற என் கடைசித் தங்கை குப்பம்மாள் விடவில்லை. முறைக்காரி, சீண்ட உரிமை உள்ளவள். “பத்தாத நட்சத்திரத்தத் தேடிப் போனவரு, பத்தாத அடுப்புக்கு வந்து சேந்தாரு!” எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் எங்கள் வீட்டிலேயே இருந்தாய். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாய். “இவன் இப்பிடியே உக்காந்துருவானோ?” என்று உன் அக்கா என்னிடம் புலம்பினாள். அங்கே போகாமலே என்ன வாயு என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் வரப்பில் வைத்துக் கேட்டேன். வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்தால், ஒவ்வொரு வாயுவும் தான் விழுங்கிய இடத்தைக் காட்டிவிடும் என்றாய்.

“கடிச்ச எடத்தப் பாத்து ஆடு மேஞ்சதா மாடு மேஞ்சதான்னு சொல்றோமே, அப்பிடியா?”

“அப்பிடியேதாங்க மாமா! நல்லாச் சுடற நட்சத்திரத்துல இதெல்லாம் நிக்காது, பிஞ்சி போயிடும். சூடு கொறஞ்ச செவப்பு நட்சத்திரத்துல நீராவி நிக்கும். பத்தாம ஆறிப்போனதுலதான் மீத்தேனும் நிக்கும்.”

அதைச் சொல்லும்போது உன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. சொல்லி முடித்ததும் போய்விட்டது. படிப்பு இவனை விடவில்லை, இவன்தான் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தை கடைசி வெள்ளி யாருக்கும் சொல்லாமல் மறுபடி பற்ற வைத்தோம். ஒரே குச்சி. அடுப்பைச் சுற்றி நீலமாய்ப் பூத்தது. பால் பொங்கி வழிந்தபோது உன் அக்கா குலவை போட்டாள். தங்கை உன் பக்கம் திரும்பினாள்.

“மொத வாயு போயிடுச்சு இல்ல? இனிமே பத்தும். கெளம்புங்க, போயிப் படிங்க. எனக்கு வாத்தியார் மாப்பிள்ளதான் வேணும்.”

வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாய். திங்கட்கிழமை பையைத் தூக்கினாய். சிவப்பு நட்சத்திரங்களின் நீராவியைப் பற்றி எழுதி முடித்து, தருமபுரிக் கல்லூரிக்கே வாத்தியாராக வந்து, அவள் கழுத்தில் தாலி கட்டினாய்.

இப்போதும் யாராவது பரீட்சையிலோ பிழைப்பிலோ தோற்று வந்து வாசலில் நின்றால் நான் புத்தி சொல்வதில்லை. காபி போடச் சொல்லி உட்கார வைக்கிறேன். முதல் வாயு வெளியே போகட்டும் என்று பேசாமல் இருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

அன்று அடுப்பைச் சுற்றி நின்ற நம் வீட்டுப் பெரியவர்களில் பெரியப்பா என்றைக்கோ போனார். போன ஐப்பசியில் உன் அக்கா போனாள். அவளுக்கு முன்னால் நீ. என்னை விட்டால் இனி ஒருத்திதான். இன்று காலை மூக்கைப் பொத்தாமல், குழாய்ப் பக்கத்திலேயே நாற்றம் அடங்கும் வரை நின்றாள், உன் குப்பம்மாள்.