குளிர்காற்றுக் குழாய்

இன்று காலை மேத்ரோ ரயில் பாலத்தின் கீழே ஒருவர் தன் பழைய காரின் எஞ்சின் மூடியை, பொனற்றைத் திறந்து வைத்திருந்தார். காற்று வடிகட்டும் பெட்டியில் ஒரு சின்னப் பிடி. அதன் ஒரு பக்கம் சூரியன் வரைந்திருந்தது, மறுபக்கம் பனிப்பூ. சூரியனில் நின்ற பிடியைப் பனிப்பூவுக்குத் திருப்பினார். பொனற்றை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான். நான் பாண் வாங்கப் போனவன், வாங்காமல் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நீ போன பிறகு வருகிற இரண்டாவது மாரி இது, இந்த ஊரின் குளிர்காலம். அறை அப்படியே இருக்கிறது. உன் கட்டிலில் இப்போது என் புத்தகங்கள்.

அந்த வெள்ளைக் கார் உன்னிடம் வந்தபோது அதன் எஞ்சின் செத்திருந்தது. ஸ்தேன் என்கிற புறநகரில், பழைய கார் உடைக்கிற முற்றத்தில், அதைவிடப் பெரிய காரொன்றின் எஞ்சினைத் தேடிப்பிடித்தோம். நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த முற்றத்திலேயே போயின. நீ பொறியியலைப் பாதியில் விட்டு வந்தவன். நான் மெய்யியலை முடித்துவிட்டு வந்தவன். இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம்.

எஞ்சின் உட்கார்ந்தது. ஓடியது. பொனற் மூடவில்லை.

வடிகட்டிப் பெட்டி உயரம். அதைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மூச்சிழுக்க வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. பழைய பெட்டிக்கு இரண்டு வாய்கள். ஒன்று வெளியே இருந்து குளிர்காற்றை எடுக்கும். மற்றது, புகை வெளியேறும் இரும்புக் குழாயின் மேலிருந்து ஒரு தகரக் குழாயால் சூட்டுக்காற்றை எடுக்கும். இன்று காலை அவர் பனிப்பூவுக்குத் திருப்பிய பிடி இந்த வாயைத் திறப்பதற்குத்தான். முற்றத்துக்காரர் தகரக் குழாயை எடுத்துக் கையில் தந்தார். பெட்டி போனாலும் இதை எப்படியாவது பொருத்துங்கள், மாரிக்கு வேண்டும் என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நீ சொன்னாய்:

"எஞ்சினுக்குக் கம்பளி போர்க்கச் சொல்லுறார் மனுசன்."

சிரித்தோம். நம் ஊரில் வாடகைக் கார்காரர்கள் பொனற்றைச் சற்றுத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓடுவார்கள். எஞ்சினுக்கு எதிரி சூடு. இதை நாம் எங்கும் படிக்கவில்லை. படித்ததை என்றால் நான் சந்தேகித்திருப்பேன்.

நமக்குள் இருந்த சண்டை குளிர்காற்றை எங்கேயிருந்து எடுப்பது என்பது மட்டும். முன்விளக்கின் பின்னால் வைப்போம், மழைத்தண்ணீர் ஏறாது என்றேன் நான். முன் கம்பித்தட்டிக்கு நேராக வை, ஓடும்போது காற்று தானாகவே அடித்துக்கொண்டு உள்ளே போகும் என்றாய் நீ. இரண்டு ஞாயிறுகள் விவாதித்தோம். நீ சொன்னதே நடந்தது. தட்டையான வடிகட்டி ஒன்று, அதிலிருந்து மடிப்பு மடிப்பான கறுப்புக் குழாய், அதன் வாய் கம்பித்தட்டியில். தகரக் குழாய் முற்றத்துக் குப்பையில்.

இலையுதிர்காலத்தில் எபினே வரை ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. "பார், குளிர்காத்தைச் சும்மா குடிக்குது" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பிறகு மாரி வந்தது. ரயில்கள் வேலைநிறுத்தத்தில் நின்றன. ஒரு காலை, கீழே பலசரக்குக் கடைக்கு உன்னைக் கேட்டுத் தொலைபேசி வந்தது.

உன் தம்பியை பெல்ஜிய எல்லையில் பிடித்து வைத்திருந்தார்கள். விசாவும் சரியான கடவுச்சீட்டும் இல்லை. பேசியவர் அங்கிருந்த அதிகாரி. இங்கே விசாவும் விலாசமும் உள்ள உறவினர் யாரேனும் நாலு மணிக்கு முன் வந்து பொறுப்பெடுத்தால் விடுவோம், இல்லாவிட்டால் இன்றே மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றிருக்கிறார். மறுபக்கத்திலிருந்து ஒரு விமானம். அது எங்கே போய் இறங்கும், அங்கே இறங்குகிற நம் நாட்டு இளைஞர்கள் எந்தச் சிறைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நீ உன் தடித்த கோட்டைத் தம்பிக்கென்று மடித்து எடுத்தாய். நான் தபாலில் போட வைத்திருந்த சிற்றிதழ்க் கட்டைப் பின் இருக்கையில் எறிந்தேன். புறப்பட்டோம்.

நகரம் முடிந்ததும் மூடுபனி. பெருந்தெருவில் கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு மெல்ல மெல்ல உயிர் குறைந்தது. நீ மிதித்தாய். அது இருமியது. நின்றது.

ஓரம் கட்டினோம். பெற்றோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினாய். சாவியைத் திருப்பினாய், வரவில்லை. திரும்ப ஊதினாய். வந்தது. "ஊத்தை அடைச்சிருக்கு" என்றாய். நம்பினோம்.

மீண்டும் நின்றது. இம்முறை நான் மின்கம்பிகளைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினேன். நேரம் எடுத்தது. வந்தது. என் கைதான் காரணம் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் லொறிகள் காரையே உலுக்கிக்கொண்டு போயின. நீ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்தாய்.

மூன்றாம் முறை, வெட்டவெளி. இரண்டு பக்கமும் வெறும் வயல். ஊதியும் வரவில்லை, துடைத்தும் வரவில்லை. நீ கொஞ்ச நேரம் தெருவோரத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றாய். திரும்பி வந்து வடிகட்டியைக் கழற்றினாய். காற்றும் பெற்றோலும் கலக்கிற கார்புறேற்றரின் தொண்டைக்குள் விரலை விட்டாய். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நாம் பார்க்கப் பார்க்க அது தண்ணீராகியது.

"ஐஸ், மச்சான்."

"எங்கை?"

"உள்ளுக்கை. கொதிக்கிற எஞ்சினுக்கு மேலை ஐஸ் கட்டியிருக்கு."

அப்போதுதான் புரிந்தது. ஈரமான குளிர்காற்று, அதோடு ஆவியாகிற பெற்றோலின் குளிர். இரண்டும் சேர்ந்து தொண்டையில் உறைந்து மூச்சை அடைத்தன. நின்றதும் எஞ்சினின் சூட்டில் உருகின. நாம் ஊதியதும் துடைத்ததும் ஒன்றுமில்லை. அவ்வளவு நேரம் அது உருகியிருக்கிறது, அவ்வளவுதான். முற்றத்துக்காரர் சொன்னது சரி. இந்த நாட்டில் எஞ்சினுக்கும் கம்பளி வேண்டும்.

நீ கறுப்புக் குழாயைப் பிய்த்து வயலுக்குள் வீசினாய். வடிகட்டி இனி எஞ்சினின் வெக்கையையே குடிக்கட்டும். வெளிக்காற்று வராமல் கம்பித்தட்டியின் மேற்பாதியை அடைக்க வேண்டும். எதால்? பின் இருக்கையில் என் சிற்றிதழ்க் கட்டு. ஒவ்வொன்றாக மடித்துச் செருகினாய். கடைசிப் பிரதியில் ஒரு கணம் நின்றாய். அதில் என் கவிதை வந்திருந்தது உனக்குத் தெரியும்.

"உன்ரை கவிதை இண்டைக்குத்தான் ஒரு வேலை செய்யப்போகுது."

நான் சிரிக்கவில்லை. நீயும்தான்.

காத்திருந்தோம். உருகட்டும் என்று தெரிந்தே காத்திருப்பது, ஏதாவது செய்துகொண்டு காத்திருப்பதைவிடக் கொடியது. உன் கை சாவியிலேயே இருந்தது. திருப்பவில்லை. ஒரு லொறி. இன்னொன்று. பிறகு திருப்பினாய். பிடித்தது. எல்லை வரை அது நிற்கவே இல்லை. உள்ளே பெற்றோல் மணமும் சூடான மையின் மணமும்.

போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. கார் முழுதாக நிற்பதற்குள் நீ கதவைத் திறந்துவிட்டாய். கட்டடத்தின் வாசலில் அந்த அதிகாரி கோட்டும் தொப்பியுமாக நின்றார். பக்கத்தில் உன் தம்பி, மெல்லிய சேட்டு மட்டும் போட்டபடி. வாகனம் ஒன்று பின்கதவு திறந்தபடி காத்திருந்தது. அதிகாரி உன் கைகளைப் பார்த்தார். கரி, கிரீஸ், கம்பித்தட்டி கீறிய முழங்கையில் இரத்தம். உன் விசா அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு வாகனக்காரனைப் பார்த்துக் கதவைச் சாத்தும்படி சைகை செய்தார்.

தம்பி நம் காரின் பின் இருக்கையில் ஏறினான். உன் கோட்டைப் போர்த்திக்கொண்டான். வெகுதூரம் வந்த பிறகு கேட்டான்:

"ஏன் அண்ணை பிந்தினீங்கள்?"

"பனி" என்றாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மருத்துவமனையில் இரத்தம் மாற்றிக்கொண்டு கிடந்த உன் கடைசி நாட்களிலும் சொல்லவில்லை.

அவன் இப்போது எபினேயில் ஒரு கடையில் வேலை செய்கிறான். விடுமுறை நாளில் என்னிடம் வருவான். தேத்தண்ணி குடித்து முடித்ததும் அந்த நாளைச் சொல்லும்படி கேட்பான். சொல்வேன். குழாய், ஐஸ், கவிதை. கவிதை வரும்போது சிரிப்பான். பிறகு ஒவ்வொரு முறையும், "அண்ணை வேறை என்ன சொன்னவர்?" என்பான்.

"வேறை ஒண்டும் சொல்லேல்லை" என்பேன்.

மூன்றாம் முறை நின்றபோது, தடுப்புக்கு அப்பால் போனாயே. நானும் உன் பின்னால் வந்தேன். உனக்குத் தெரியாது. நீ வயலைப் பார்த்தபடி நின்றாய். உன் தோள்கள் குலுங்கின. "அங்கை இருக்கிறன் எண்டவனை வா வா எண்டு எழுதிக் கூப்பிட்டது நான்தானே" என்றாய்.

அதை நீ எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. பனிக்குச் சொன்னாய். நான் கேட்டுவிட்டேன்.

அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பனிக்கு நீ சொன்ன அந்த வார்த்தைகளை நான் இன்னும் அவனுக்குக் கொடுக்கவில்லை.