அப்பாவுக்குக் கலந்த ஸ்பிரிட்ஸ்

சனிக்கிழமை, இரவு.

இன்று நான் வேலை செய்யும் பாருக்கு அப்பா வந்தார். மது கலக்கும் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து, எட்டு மாதமாக, ஒரே வீட்டில் இருந்தும் அவர் என்னோடு பேசவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து, சீருடையோடு நேராக வந்திருந்தார். பக்கத்து மேசைக் கிளாஸைக் காட்டி, "அந்த ஆரஞ்சு கலரு என்னம்மா?" என்றார்.

"ஸ்பிரிட்ஸ். இத்தாலிக்காரங்க வெயில் தாழ்ந்ததும் குடிக்கிறது. கொஞ்சம் கசக்கும்பா."

"பரவாயில்ல, நீ செஞ்சு குடு."

ஐஸ் போட்டு, நுரைக்கும் ஒயினும் கசப்பு மதுவும் சோடாவும் ஊற்றி, ஒரு ஆரஞ்சுத் துண்டு வைத்தேன். ஒரு மிடறு குடித்துத் தலையாட்டினார்.

கூட வேலை செய்யும் ஷீலா என்னருகே வந்து, "யாரு, தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"இல்ல லா, கஸ்டமர்தான்."

அப்பாவின் சாயம் போன அந்தச் சீருடைச் சட்டையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

அப்பாவுக்குக் கேட்டிருந்தது. மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்து, "தேங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அப்பா ஒன் வேலையப் பத்தியேதான் பேசுனாரு. ரொம்பக் கெட்டிக்காரியாம் நீ" என்றார். பாரில் நடந்ததை அப்பா அம்மாவிடம் சொல்லவேயில்லை.

அப்பா அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.